அன்போடு மேடைக்கு அழைக்கிறேன்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: நான் ஒரு விசரன். வைத்தியர் எழுதித் தந்த விசர் இல்லை, மைக் பிடித்த விசர். லண்டனில் எங்கள் சனம் ஒரு மண்டபத்தை வாடகைக்கு எடுத்தால், மேடையின் ஓரத்தில் கோட்டுக்கு மேல் பட்டுச் சால்வையைப் போட்டுக்கொண்டு "அடுத்ததாக" என்று தொடங்கும் ஒரு ஆள் நிற்பார் அல்லவா, அது நான்தான். கிழமை நாட்களில் பஸ் ஓட்டுகிறேன். அடுத்த தரிப்பு எது என்பதைப் பதிவுசெய்த ஒரு பெண்குரல் சொல்கிறது. ஓட்டுவது நான், பேசுவது அந்தப் பெண். அந்த வயிற்றெரிச்சலை எல்லாம் சனி ஞாயிறுகளில் சாமத்தியவீடு, பிறந்தநாள், அரங்கேற்றம் என்று தீர்த்துக்கொள்வேன்.

மைக் கைக்கு வந்தால் என் கண் மங்கும், காது அடைக்கும், வாய் மட்டும் வேலை செய்யும். ஒருமுறை ஒரு மரணச் சடங்கில் செத்துப்போனவரையே "அன்போடு மேடைக்கு அழைக்கிறேன்" என்று சொல்லிவிட்டேன். பாதிச் சனம் அழுகையை மறந்து சிரித்தது. மற்றப் பாதி இன்னும் என்னோடு கதைப்பதில்லை.

இப்படிப்பட்டவனின் வாயில்தான் ஒரு நல்ல மனுசியின் அரசியல் போய் அகப்பட்டது.

எங்கள் கட்டடத்தில் நான் நான்காம் மாடி, அவர்கள் மூன்றாம் மாடி. அவளைத் தங்கச்சி என்பேன். அவள் புருஷன் எனக்கு மச்சான். இரத்த உறவு ஒன்றும் கிடையாது, லிப்டில் ஏற்பட்ட உறவு. ஒருநாள் லிப்ட் நடுவில் நின்று நானும் அவனும் உள்ளே அகப்பட்டோம். பயத்தில் நான் வாய் மூடவில்லை. வெளியே வந்ததும் அவன் சொன்னான்: "மச்சான், திருத்த வந்தவன் கதவைத் திறக்கேல்ல. உன்ர கதை தாங்காமல் கதவு தானாத் திறந்தது." அன்றைக்கே எங்களுக்குள் ஒட்டிக்கொண்டது.

எங்கள் கட்டடத்துக்கும் டிராம் பாதைக்கும் நடுவே ஒரு யார்ட் இருக்கிறது. லொறிகளில் குப்பை வந்து குவியும். அது பெல்ட்டில் ஓட, இரண்டு பக்கமும் நிற்பவர்கள் பிளாஸ்டிக் வேறு, இரும்பு வேறு, மரம் வேறு என்று பிரித்து எடுப்பார்கள். மச்சான் பல வருடம் அந்தப் பெல்ட்டில் நின்றவன். தங்கச்சியும் கொஞ்சக் காலம் நின்றவள்தான். அங்கே மாஸ்க் கொடுப்பதில்லை. இருமிக்கொண்டு வீட்டில் படுத்தால் அன்றைய சம்பளம் இல்லை. முதலில் வாயைத் திறந்தவள் அவள்தான். யூனியனைக் கொண்டுவந்தாள். குளிரில் யார்ட் வாசலில் லொறிகளை மறித்துக்கொண்டு மெகாபோனோடு நின்றாள். நான் அந்த மெகாபோனை நாவூறப் பார்த்தேன். ஒருதரம் தா என்று கேட்டதற்கு, "அண்ணை, இது சாமத்தியவீடு இல்லை" என்று சொல்லிவிட்டாள்.

மாஸ்க் வந்தது. நோய்க்கால லீவுக்குச் சம்பளமும் வந்தது. அதற்குப் பிறகு பக்கத்துப் பள்ளிக்கூடத்துத் தாய்மார் அவளைத் தேடி வந்தார்கள். யார்ட் மதிலுக்கு அந்தப் பக்கம்தான் பிள்ளைகள் விளையாடும் இடம். மதிலின் மேல் விரலால் பெயர் எழுதலாம், அவ்வளவு தூசு. யூனியன்காரர் சிலர், "இது சுற்றுச்சூழல் விசயம், எங்கட விசயம் இல்லை" என்று பின்வாங்கினார்கள். தங்கச்சி வாசலில் நின்று சொன்னது எனக்கு அப்படியே நினைவிருக்கிறது: "உள்ளுக்கு நிக்கிறவன் இருமினால் யூனியன், வெளியில நிக்கிற பிள்ளை இருமினால் சுற்றுச்சூழலோ? தூசு ஒண்டுதானே!" நான் கைதட்டினேன். நான் மட்டும்தான் தட்டினேன், மற்றவர்கள் யோசித்துக்கொண்டு நின்றார்கள். அதுதான் நல்ல பேச்சின் அடையாளம் என்பது எனக்கு அப்போது தெரியாது.

அந்த நேரத்தில் யார்ட்டைப் பெருப்பிக்கப் போகிறார்கள் என்று கதை அடிபட்டது. பழைய மரங்களை அரைக்க ஒரு பெரிய மெஷின், இரவிலும் ஓடுகிற லொறிகள். அதற்கு அனுமதி கொடுப்பதா இல்லையா என்பது கவுன்சிலில் பிளானிங் கமிட்டி என்ற ஒரு சின்னக் குழுவின் கையில். மச்சானின் நெஞ்சு அப்போது பழுதாகிவிட்டது. மூக்கில் குழாய், பக்கத்தில் ஒக்சிசன் மெஷின். அவன் படுத்திருந்த அறையின் ஜன்னல் யார்ட்டைப் பார்த்தபடி இருந்தது.

"கேற்றுக்கு வெளியில நிண்டு எவ்வளவு காலம் கத்துறது, அண்ணை? கை உயர்த்துற இடத்தில ஒரு கையாவது எங்கட கையா இருக்கவேணும்" என்றாள் தங்கச்சி.

அப்படித்தான் அவள் கவுன்சில் தேர்தலில் நின்றாள். எந்தக் கட்சியும் இல்லாமல், சுயேச்சையாக. எங்கள் ஆட்களுக்குக் கவுன்சில் என்றால் வீடு கேட்கிற இடம், அரசியல் என்றால் ஊரிலுள்ள மாகாண சபை. ஆகவே சங்கத்துப் பெரியவர்கள் லண்டனின் ஒரு மூலைக்கு நடந்த தேர்தலை மாகாண சபைத் தேர்தலாகவே நடத்தினார்கள். "மாகாணத்தில எங்கட பிள்ளை நிக்குது" என்று எங்கள் தமிழ்க் கடைகளில் கதை. நான் திருத்தப் போகவில்லை. கேட்க ஒரு கம்பீரமாக இருந்தது.

வாக்குக் கேட்டு நானும் கதவு கதவாகத் தட்டினேன். பஸ் கொம்பனியின் மஞ்சள் ஜக்கெற்றோடு போனதால் பாதி வீட்டுக்காரர் பார்சல் கொண்டு வந்தவன் என்று நினைத்துக் கதவைத் திறந்தார்கள். மச்சானுக்கு அதைச் சொன்னபோது குழாயோடு சிரித்துச் சிரித்து மூச்சு முட்டிப்போனான். "விடாதை மச்சான், பார்சல் எண்டே சொல்லு. வெறுங்கையோட போனால்தான் சனம் அரசியல்வாதி எண்டு கண்டுபிடிச்சிடும்."

வென்றாள். பெரிய வெற்றி ஒன்றும் இல்லை, ஆனால் வென்றாள். பிளானிங் கமிட்டியில் இடம் கேட்டு அதையும் வாங்கினாள்.

இனி நடந்ததைச் சொல்ல எனக்குக் கொஞ்சம் தண்ணீர் வேண்டும்.

சங்கம் அவளுக்கு ஒரு பாராட்டு விழா வைத்தது. வேண்டாம் என்றுதான் சொன்னாள். "சனம் ஆசைப்படுது, ஒருக்கா வந்து நிண்டிட்டுப் போ" என்று வற்புறுத்தியவன் நான். மண்டபம் நிறைந்தது. வெளியே மட்டன் ரோல்ஸ் வாசம். மச்சான் சக்கர நாற்காலியில் முன் வரிசையில் இருந்தான். நான் ஓரத்தில் மைக்கோடு.

எங்கள் விழாக்களில் ஒரு வழக்கம் உண்டு. நிகழ்ச்சிநிரல் என்று ஒன்று அச்சடித்துக் கொடுப்போம், ஆனால் விழாவை நடத்துவது அது அல்ல, துண்டு. மேடையின் படியில் நின்று யாராவது ஒரு சின்னத் துண்டுக் காகிதத்தை நீட்டுவார்கள்: இன்னாரையும் கூப்பிடுங்கோ. துண்டு வந்தால் வாசிக்கவேண்டும். வாசிக்காவிட்டால் அது அந்த மனிதருக்கு மட்டுமல்ல, அவருடைய ஊருக்கே அவமானம். அன்றும் சங்கத் தலைவர் ஒரு துண்டை என் கைக்குள் திணித்தார்.

"சாப்பாடு முழுக்க அவற்ற செலவு. ஒருக்கால் கூப்பிட்டு ஒரு பொன்னாடை போர்த்த விடுங்கோ. கோவிச்சுப் போடுவார்."

துண்டில் இருந்தது லொறி முதலாளியின் பெயர். எங்கள் ஆள். கோயில் திருவிழா, பள்ளி விளையாட்டுப் போட்டி, எதற்கும் கை நீட்டிக் கொடுப்பவர். அந்த யார்ட்டின் சொந்தக்காரரும் அவர்தான்.

எனக்குத் தெரியாது என்று எழுதினால் பொய். தெரியும். ஆனால் மேடையில் நின்றபோது என் மண்டைக்குள் அவர் யார்ட் வைத்திருப்பவர் இல்லை, சாப்பாடு தந்தவர். எங்கள் சனத்தில் சாப்பாடு தந்தவர் பொன்னாடை போர்த்தாமல் மண்டபத்தை விட்டுப் போன சரித்திரம் இல்லை.

"அடுத்ததாக, இன்றைய விழாவுக்கு அறுசுவை உணவு வழங்கிய வர்த்தகப் பெருந்தகை அவர்களைப் பொன்னாடை போர்த்த அன்போடு மேடைக்கு அழைக்கிறேன்!"

தங்கச்சி என்னைப் பார்த்தாள். தலையை இலேசாக ஆட்டினாள், வேண்டாம் என்று. நான் அவள் வெட்கப்படுகிறாள் என்று நினைத்தேன். நினைத்ததோடு விட்டேனா? மைக்கிலும் சொன்னேன்: "பாருங்கோ பாருங்கோ, லொறியை மறிச்ச எங்கட தங்கச்சி ஒரு சால்வைக்கு வெட்கப்படுறா!" மண்டபம் முழுக்கச் சிரிப்பு. அந்தச் சிரிப்புக்கு நடுவே அவளால் என்ன செய்ய முடியும்? எங்கள் மேடையில் கழுத்துக்கு வரும் பொன்னாடையை மறித்த ஒருவரை நான் இதுவரை கண்டதில்லை. தலையைக் குனிந்தாள். முதலாளி போர்த்தினார். கும்பிட்டார். கமராக்கள் மின்னின. முன் வரிசையில் மச்சான் மட்டும் சிரிக்காமல் என்னையே பார்த்துக்கொண்டிருந்தான்.

வீட்டுக்குப் போகும்போது காரில் கேட்டேன், "எப்பிடி விழா?"

"நீ நல்லாக் கதைச்சாய்" என்றான். வழமையாக என்னை ஒருநாளும் புகழாதவன்.

அதற்குப் பிறகு தங்கச்சி அமைதியாகிவிட்டாள். கோபத்தால் அல்ல, பதவியால். கமிட்டியில் இருப்பவர் எந்த விண்ணப்பத்தைப் பற்றியும் முன்கூட்டியே முடிவு எடுத்துவிட்டதாகத் தெரியக்கூடாதாம். யார்ட்டைப் பற்றி அவள் வாய் திறந்தால் பிறகு வாக்களிக்க முடியாமல் போய்விடும். மெகாபோன் பிடித்தவள் பள்ளிக்கூட வாசலில் தாய்மாரைக் கண்டால், "கமிட்டியில பாப்பம்" என்று மட்டும் சொல்லிக்கொண்டு நடந்தாள். ஒரு பேச்சைக் காப்பாற்றி வைக்க மற்ற எல்லாப் பேச்சையும் விட்டுக்கொடுத்தாள்.

மச்சான் அதையும் பகிடியாக்கினான். "முந்தி வீட்டிலயும் கத்துவா. இப்ப சோத்துக்கு உப்புக் காணுமோ எண்டு கேட்டாலும், 'அதைப் பற்றி இப்ப கருத்துச் சொல்ல ஏலாது' எண்டுறா."

அவள் சிரிக்கவில்லை. அவனுடைய குழாயைச் சரி செய்துவிட்டு ஜன்னலைப் பார்த்தாள். "அந்த ஒருநாள் கை உயர்த்தினாப் போதும்" என்றாள்.

யார்ட்டின் விண்ணப்பம் வந்தது. கூட்டத்துக்குத் தேதி வைத்தார்கள். அதற்குச் சற்று முன்னர் கவுன்சிலின் சட்ட அதிகாரி அவளைக் கூப்பிட்டு, கணினித் திரையைத் திருப்பி ஒரு படத்தைக் காட்டினார். பொன்னாடை, கும்பிடு, சிரிப்பு. ஓரத்தில் வாயைப் பிளந்தபடி மைக்கோடு நான். படத்தை அனுப்பியவர்கள் முதலாளியின் வழக்கறிஞர்கள். குறையாகச் சொல்லவில்லையாம், "கவனத்துக்குக் கொண்டுவருகிறோம்" என்று மரியாதையாகச் சொல்லியிருந்தார்கள். விண்ணப்பித்தவரோடு ஒரு உறுப்பினருக்கு நெருக்கம் இருப்பதாக யாரும் நினைக்க இடமிருந்தால், அவர் அறையை விட்டு வெளியே போவதுதான் முறை. இருந்து வாக்களித்து யார்ட்டைத் தோற்கடித்தாலும், அந்த ஒரு படத்தைக் காட்டியே நீதிமன்றத்தில் தீர்மானத்தைக் கவிழ்த்துவிடலாம்.

"பொன்னாடை எண்டால் என்னண்டு அந்த மனுசனுக்கு விளங்கப்படுத்தப் பாத்தன்" என்றாள் தங்கச்சி என்னிடம். "எங்கட ஆக்கள் ஆருக்கும் போர்த்துவினம், ஆரும் போர்த்துவினம், அதில ஒண்டுமில்லை எண்டன். 'ஒண்டுமில்லாததை ஏன் மேடையில வைச்சுச் செய்யிறீங்கள்' எண்டு கேக்கிறார். என்ன சொல்லுறது, அண்ணை?"

 

முதலாளி அன்றைக்கே இதையெல்லாம் கணக்குப் போட்டுத்தான் மேடைக்கு வந்தாரா? பல தடவை யோசித்திருக்கிறேன். சில நாள் ஓம் என்று தோன்றும். சில நாள், பாவம், மனுசன் எல்லா மேடையிலும் ஏறுகிற மாதிரி ஏறினார், பிறகு படத்தைக் கண்ட வழக்கறிஞருக்குத்தான் மூளை வேலை செய்தது என்று தோன்றும். எப்படி இருந்தாலும் அவர் தானாக ஏறவில்லை. கூப்பிட்ட பிறகுதான் ஏறினார்.

கூட்டத்தன்று பார்வையாளர் வரிசையில் தாய்மாரோடு நானும் இருந்தேன். யார்ட்டின் முறை வந்ததும் தங்கச்சி எழுந்தாள். தான் ஏன் விலகுகிறாள் என்பதை ஒரு வசனத்தில் சொன்னாள். மேசையில் இருந்த கண்ணாடியையும் பையையும் எடுத்துக்கொண்டு எங்கள் வரிசையைத் தாண்டி நடந்தாள். எங்கள் பக்கத்து ஊர்ப் பெண் ஒருத்தி, மகனுக்கு மூச்சிழுப்பு உள்ளவள், மெதுவாக, ஆனால் கேட்கும்படி சொன்னாள்: "உந்தச் சால்வை நல்ல வடிவு, அக்கா."

தங்கச்சி நிற்கவில்லை. கதவு அவளுக்குப் பின்னால் மெல்ல மூடியது.

வாக்கெடுத்தார்கள். இரண்டு பக்கமும் சமமாக வந்தது. சமமாக வந்தால் கமிட்டித் தலைவருக்கு இன்னொரு வாக்கு உண்டு. அவர் கண்ணாடியைக் கழற்றி, துடைத்து, மறுபடி போட்டுக்கொண்டு, அனுமதி என்றார்.

வெளியே நடைபாதையில் கோப்பி மெஷினுக்குப் பக்கத்து வாங்கில் அவள் இருந்தாள். உள்ளே நடப்பதை இருந்து கேட்கக்கூட அவளுக்கு அனுமதி இல்லை. நான் கிட்டப் போனதும் எழுந்தாள். என் முகத்தைப் பார்த்து அறிந்துகொள்ளப் பார்த்தாள். என் முகம்தான் எந்த நேரமும் இளிப்பது போல் இருக்குமே, அதில் என்ன தெரியும்?

"சொல்லுங்கோ அண்ணை."

எத்தனை மேடையில் எத்தனை அறிவிப்புச் செய்திருப்பேன். அன்றைக்குத்தான் முதன்முதலாக, மைக்கை யாராவது பறித்துக்கொண்டு போனால் நல்லது என்று இருந்தது.

"சமமா வந்தது, தங்கச்சி. தலைவர் அங்கால போட்டார்."

"அப்ப என்ர கை இருந்திருந்தால்..." என்று தொடங்கியவள் நிறுத்திக்கொண்டாள். பையைத் திறந்து பஸ் கார்டைத் தேடினாள். கையில்தான் வைத்திருந்தாள்.

அவள் பதவியை விடவில்லை. தெரு விளக்கு, குப்பைத் தொட்டி, உடைந்த நடைபாதை என்று ஓடிக்கொண்டிருந்தாள். சனம் வேலை வாங்கியது, ஆனால் பக்கத்தில் இருக்கவில்லை. என்னை அவள் ஒரு சொல் ஏசவில்லை. ஏசியிருந்தால் நான் ஒரு பகிடி விட்டுத் தப்பியிருப்பேன்.

யார்ட்டில் மெஷின் வந்தது. இரவில் லொறிகள் பின்னுக்கு வரும்போது எழுப்பும் பீப் சத்தம் எங்கள் மாடிக்கும் கேட்கும். மச்சானைப் பார்க்கப் போன ஒருநாள், ஜன்னலின் இடுக்கில் ஒரு துணி நீளமாகச் சுருட்டி அடைக்கப்பட்டிருப்பதைக் கண்டேன். சரிகை மின்னியது. நான் பார்ப்பதை அவன் பார்த்தான்.

"நான்தான் அடைச்சனான்" என்றான். இப்போது ஒரு வசனத்துக்கு இரண்டு இடத்தில் மூச்சு வாங்கினான். "முதலாளியின்ர தூசுக்கு... முதலாளியின்ர சால்வை. நல்ல சாமான் மச்சான்... கொஞ்சம்கூட உள்ளுக்கு விடாது."

நான் சிரித்தேன். அவன் அதற்காகத்தான் சொன்னான் என்று தெரியும். படியில் ஏறும்போதுதான் அழுகை வந்தது, மூன்றாம் மாடிக்கும் நான்காம் மாடிக்கும் நடுவில், அன்று லிப்ட் எங்களோடு நின்றுபோன அதே உயரத்தில்.

குளிர்காலம் முடிவதற்குள் அவன் போய்விட்டான். வைத்தியர், பல வருடத்துப் பழைய தூசு என்றார். புதிய தூசைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

சுடலை மண்டபத்தில் ஒரு குடும்பத்துக்கு அளந்துதான் நேரம் கொடுப்பார்கள். யாரைப் பேசக் கூப்பிடுவது, யாரை மலர்வளையம் வைக்கக் கூப்பிடுவது என்பதை எல்லாம் அதற்குள் அடக்கவேண்டும். எங்கள் வட்டாரத்தில் அந்த வேலையும் என்னுடையதுதான். யாரும் கேட்கவில்லை, மைக்கை என் பக்கம் திருப்பி வைத்துவிட்டார்கள். பெட்டிக்குள் மச்சான், நான் கட்டிவிட்ட கழுத்துப் பட்டியோடு. உயிரோடு இருந்தபோது ஒருநாளும் கழுத்துப் பட்டி கட்டாதவன். என்னைப் பார்த்து ஏதோ சொல்ல வருவதுபோல் வாய் சற்றுக் கோணலாக இருந்தது.

சனம் வந்து நிறைந்தது. பெல்ட்டில் அவனோடு நின்றவர்கள் வந்தார்கள். தாய்மாரில் ஒன்றிரண்டு பேர் கடைசி வரிசையில் வந்து இருந்தார்கள். வாசலில் கறுப்புக் கோட்டோடு, ஆளுயர மலர்வளையத்தைப் பிடித்தபடி லொறி முதலாளி நின்றார். அவர் கண்ணும் கலங்கித்தான் இருந்தது, அதையும் சொல்லவேண்டும். சங்கத் தலைவர் ஓரமாக வந்து என் கைக்குள் ஒரு துண்டைத் திணித்தார்.

"பின்னேரச் சாப்பாடு அவற்ற" என்று காதுக்குள் சொன்னார். "ரெண்டு வார்த்தை பேச ஒருக்கால் கூப்பிட்டு விடுங்கோ."

துண்டை விரிக்கவில்லை. விரிக்காமலே முன் வரிசைக்குப் போனேன். தங்கச்சி வெள்ளைச் சேலையில் பெட்டியைப் பார்த்தபடி இருந்தாள். பக்கத்தில் குந்தினேன். முழங்கால் சத்தம் போட்டது. வேறு நாளாயிருந்தால் மச்சான் அதற்கு ஒரு பெயர் வைத்திருப்பான்.

"தங்கச்சி, நேரம் போகுது. முதல்ல ஆரைக் கூப்பிட?"

அவள் என் பக்கம் திரும்பவில்லை.

"ஒருத்தரையும் கூப்பிடாதேங்கோ."